காபிக் கிடங்கில் ஆவணப்படம்: ஒரு பழைய ஆபரேட்டரின் மதிப்புரை

சேலத்தில் ஒரு தியேட்டரில் முப்பத்து நான்கு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். 1978-ல் உதவியாளாகக் கேபினுக்குள் நுழைந்தவன், 2012-ல் டிஜிட்டல் பெட்டி வந்து இறங்கியபோது வெளியே வந்தேன். தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். அந்தக் காலத்தில் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் ஆவணப்படம் ஒன்றைக் கட்டாயம் ஓட்டியாக வேண்டும். 1948-ல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்து அனுப்பும் படம். நிகர வசூலில் நூற்றுக்கு ஒரு ரூபாய் அதற்கு வாடகை. வாடகை போயிற்றே தவிர, படத்தைப் பார்த்த ஆள் கிடையாது. டிக்கெட் கையில் வைத்திருப்பவர்கள்கூட "நியூஸ் ரீல்தானே ஓடுகிறது" என்று வாசலில் நின்று பீடியை முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நானும் பார்த்ததில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் இரண்டாவது மெஷினில் மெயின் படத்தின் முதல் ரீலை ஏற்ற வேண்டும், புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியை மாற்ற வேண்டும், ஆறிப்போன டீயைக் குடிக்க வேண்டும். கேபின் ஓட்டை வழியாக எப்போதாவது எட்டிப் பார்த்தால், திரையில் யாரோ ஒருவர் பானை வனைந்துகொண்டிருப்பார். கீழே காலி நாற்காலிகள்.

அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஆவணப்படம் பார்ப்பதற்காக மாதாமாதம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஏற்காட்டில் ஏரியைத் தாண்டிப் போனால் ஒரு சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. அதன் பழைய கிடங்கில் ஒவ்வொரு மாதமும் கடைசி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆவணப்படம் போடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. ஏன் தம்பி பெயர் வைக்கவில்லை என்று தோட்டத்துக்காரரிடம் கேட்டேன். "பெயர் வைத்தால் சங்கமாகிவிடும் ஐயா. அப்புறம் தலைவர், செயலாளர், சால்வை எல்லாம் வந்துவிடும்" என்றார். நியாயமான பயம். ஆகவே நானும் கிடங்கு என்றே எழுதுகிறேன். கட்டணம் 120 ரூபாய். அதில் ஒரு காபியும் ஒரு கிண்ணம் சுண்டலும் அடக்கம். மாணவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் காசில்லை. நாற்காலிகள் நாற்பது. போன வருடம் ஒன்பது முறை போனேன். மூன்று முறை விட்டுப்போனதற்கு மூட்டுவலிதான் காரணம். கிடங்கின் மேல் தவறில்லை.

முதல் முறை என்னை இழுத்துப் போனவள் பேத்தி. "தாத்தா, நல்ல மனிதர்களைப் பற்றிய படமாகத் தேடிப் போடுகிறார்கள், வாருங்கள்" என்றாள். நல்ல மனிதர்களைப் பற்றிய படம் என்றால் எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை உண்டு. பின்னணியில் வயலின் அழும். வசனம் சொல்பவர் குரல் தழுதழுக்கும். கடைசியில் நம்மையும் அழச் சொல்வார்கள். இருந்தாலும் பேத்தி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? புதிய பஸ் நிலையத்தில் ஏறினோம். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு வந்ததும் வழக்கம்போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் வெளிவந்தது இந்த ஸ்டுடியோவிலிருந்துதான். இன்று மிஞ்சியிருப்பது அந்த வளைவு. ஓட்டமெல்லாம் பஸ்ஸுக்கு மட்டும்.

கிடங்குக்குள் நுழைந்ததும் படத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தேன். தொழில் புத்தி. காடாத் துணி இரண்டை மூட்டித் தைத்துக் கட்டியிருந்தார்கள். மூட்டு சரியாக நடுவில் மேலிருந்து கீழாக ஓடியது. அன்று திரையில் வந்த பெண்மணியின் மூக்கு ஒரு துணியிலும் கன்னம் இன்னொரு துணியிலும் இருந்தன. ஒலிபெருக்கி இரண்டும் பக்கவாட்டு ஜன்னல் மேடையில். திரையில் ஆள் வாயைத் திறந்தால் குரல் ஜன்னலிலிருந்து வந்தது. படம் முடிந்ததும் தோட்டத்துக்காரத் தம்பியிடம் போய், "தியேட்டர் திரையில் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் இருக்கும், சத்தம் அந்த ஓட்டை வழியாக வரும். உங்கள் துணிக்கு ஓட்டைகூட வேண்டாம், துணியே சத்தத்தை விடும். பெட்டியைப் பின்னால் வையுங்கள்" என்றேன். கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் போனபோது விசைத்தறியில் அகலமாக நெய்த ஒரே துணி, மூட்டில்லாமல், ஒலிபெருக்கி பின்னால். பெரிய பெரிய இடங்களில் புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள், பூட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே பெட்டி இல்லை, வேலை நடக்கிறது.

புரொஜக்டர் சின்னது, டிபன் கேரியர் அளவு. வெளிச்சம் போதும் என்று சொல்லலாம். கறுப்பு மட்டும் கறுப்பாக இல்லை, சாம்பலாக இருக்கிறது. கார்பன் வெளிச்சத்தில் வேலை பார்த்தவனுக்கு இது எப்போதும் உறுத்தும். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் கதவைச் சாத்த மறந்துவிட்டார்கள். பாதிப் படத்தில் மூடுபனி உள்ளே நுழைந்தது. புரொஜக்டரிலிருந்து திரைவரை வெளிச்சம் ஒரு கூம்பாக எழுந்து நின்றது. சிகரெட் பிடிக்கத் தடையில்லாத காலத்தில் எங்கள் தியேட்டரில் பார்த்த கூம்பு. குழந்தைகள் படத்தை விட்டுவிட்டு அதில் கையை நீட்ட ஆரம்பித்தார்கள். யாரோ கதவைச் சாத்தப் போனார். கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று எனக்கு இருந்தது.

அடுத்து மொழி. படங்கள் பெரும்பாலும் வெளிமொழி, அடியில் ஆங்கில எழுத்து. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு வரியை முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஓரமாக மேசை விளக்குடன் உட்கார்ந்து, மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறார். மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்ததாக எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். நான் பார்த்ததில்லை, ஏற்காட்டில் பார்த்துவிட்டேன். ஆரம்பத்தில் டீச்சர் ரொம்பவும் விளக்கினார். திரையில் ஒரு கிழவி சும்மா உட்கார்ந்திருந்தால், "இப்போது அவர் மனதுக்குள் மிகவும் வருந்துகிறார்" என்று மைக்கில் வரும். அவர் வருந்துகிறாரா, வெயில் காய்கிறாரா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா? பக்குவமாகச் சொன்னேன். இப்போது வசனத்தை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்து வாசிக்கிறார். மௌனம் வரும் இடத்தில் விளக்கையே அணைத்துவிடுகிறார்.

என்னென்ன படங்கள் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. நிற்கிறவற்றைச் சொல்கிறேன்.

முதல் நாள் அந்த மூட்டுத் துணியில் நான் பார்த்தது 'ஹனிலேண்ட்'. 2019-ல் வந்தது, தமரா கோதெவ்ஸ்கா, ல்யூபோமிர் ஸ்டெஃபானோவ் என்ற இருவர் இயக்கியது. வடக்கு மாசிடோனியாவில் மின்சாரம் இல்லாத, ஆளில்லாமல் போன ஒரு மலைக்கிராமம். ஹாதிஜே என்ற நடுவயதுப் பெண் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயுடன் இருக்கிறார். பாறை இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் தேனீ வளர்க்கிறார். கையில் உறை கிடையாது. கல் பலகையை மெதுவாக எடுத்து, அடையைப் பிய்த்து, பாதி எனக்கு பாதி உங்களுக்கு என்று தேனீக்களிடமே சொல்லிவிட்டுத் திரும்ப மூடுகிறார். மூன்று வருடம் கூட இருந்து நானூறு மணி நேரத்துக்கு மேல் எடுத்த காட்சிகளை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறார்கள். ஹாதிஜே பேசுவது பழைய துருக்கி மொழி. எடுத்தவர்களுக்கு அது தெரியாது. அதனால் முதலில் பேச்சை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தே வெட்டிக் கோத்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது, ஆங்கில எழுத்து வாசிக்காமலே பாதிப் படம் எனக்கு எப்படி விளங்கியது என்று.

பக்கத்தில் ஒரு குடும்பம் குடிவருகிறது. ஏழு பிள்ளைகள், மாடுகள், கடன். அந்தக் குடும்பத் தலைவரும் தேனீ வளர்க்கக் கற்றுக்கொள்கிறார். வியாபாரி வந்து இன்னும் கொடு என்று நெருக்குகிறான். பாதியை விட்டுவை என்று ஹாதிஜே சொன்னதை மீறி எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார். பசித்த தேனீக்கள் ஹாதிஜேயின் கூடுகளைத் தாக்கி அழித்துவிடுகின்றன. வில்லன் என்று யாரையும் கை காட்ட முடியாது. அந்த ஆளுக்கு ஏழு வாய் சோறு போட வேண்டுமே. இதைத்தான் நான் நல்ல படம் என்பேன்: நல்லவரைக் காட்டுவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கெட்டவராக்கவில்லை.

அன்று என்னுடன் வந்தவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவர். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளிக் கண்ணிகளைச் சேர்த்து, பொடி வைத்து, ஊதி ஒட்டுகிற வேலை. படம் முழுக்க வாயே திறக்கவில்லை. இறங்கி வரும் பஸ்ஸில் எட்டாவது வளைவோ ஒன்பதாவது வளைவோ, "மாமா, அந்த அம்மா கை நடுங்கவே இல்லை, பார்த்தீர்களா?" என்றார். "பார்த்தேன் மாப்பிள்ளை." "ஊதும்போது மூச்சு ஒரு இழை கூடிப்போனால் கண்ணி உருகிவிடும். அந்த அம்மா அதே மாதிரிதான் மூச்சைப் பிடித்திருந்தார். கல்லைத் தூக்கும்போது உதட்டைப் பாருங்கள்." நான் உதட்டைப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை அந்தப் படத்தைப் பேத்தியின் கைப்பேசியில் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவர் சொன்னது சரி.

படம் முடிந்தபின் கிடங்கில் பேச்சு நடக்கும். அன்று பின்வரிசையில் மலையாளிப் பெரியவர் ஒருவர் இருந்தார். கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்; சேர்வராயன் மலையின் பூர்வகுடிகளுக்கு அதுதான் பெயர். மைக்கை நீட்டினார்கள், வாங்க மறுத்துவிட்டார். "பாதி விடுவது கருணை இல்லை. அடுத்த வருடம் நாம்தானே வந்து எடுக்க வேண்டும்?" என்று உட்கார்ந்தபடியே சொன்னார். அதற்கு முன் கால் மணி நேரம் இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்தார்.

யானைப் படமும் போட்டார்கள். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்', கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்தது. முதுமலை தெப்பக்காட்டு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத குட்டிகள் ரகுவையும் அம்முவையும் வளர்ப்பது. தமிழ்ப் பேச்சு என்பதால் டீச்சருக்கு அன்று விடுமுறை. கிடங்கு நிரம்பி வழிந்தது, தரையிலும் ஆட்கள். குட்டிக்கு உருண்டை பிடித்து வாயில் ஊட்டுகிற இடத்தில், பிள்ளை வளர்த்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அழகான படம்தான். எனக்கு அந்திச் சூரியனும் இசையும் கொஞ்சம் அதிகம். பெள்ளி தனக்கு நேர்ந்த சாவுகளைச் சொல்லும் குரலுக்கு அடியில் இசை எதற்கு? அந்தக் குரலே போதாதா? இப்படிச் சொன்னதற்குப் பேத்தி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

'ஆல் தட் பிரீத்ஸ்' வேறு ரகம். ஷௌனக் சென் இயக்கி 2022-ல் வந்தது. அந்த வருடமே சன்டான்ஸ், கான் திரைப்பட விழாக்கள் இரண்டிலும் ஆவணப்படத்துக்கான முதல் பரிசுகளை வாங்கியது. டெல்லியில் நதீம், சவூத் என்ற அண்ணன் தம்பி, வானத்திலிருந்து விழும் கரும்பருந்துகளை எடுத்து மருத்துவம் பார்க்கிறார்கள். இடம் ஒரு கீழ்த்தளப் பட்டறை. பிழைப்புக்கு அங்கேயே சோப்புத் திரவம் ஊற்றும் கருவி செய்கிறார்கள். ஒரு மேசையில் உலோகத் துண்டு, பக்கத்து மேசையில் இறக்கை அறுந்த பருந்து. காற்றாடிக்குக் கட்டும் மாஞ்சா நூல் செய்த வேலை. இளவயதில் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது, அது இறைச்சி தின்னும் பறவை என்று சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்களாம். உடற்பயிற்சி செய்தபோது தசை, நரம்பு பற்றி அறிந்திருந்ததை வைத்துத் தாங்களே கட்டுப்போடப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் கதையில் எனக்குப் பிடித்தது அந்தத் துவக்கம். எந்த இலட்சியமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டார்களே, கையில் பறவை இருக்கிறதே, என்ன செய்வது? அவ்வளவுதான்.

ஒரு காட்சி. உதவியாளர் சாலிக் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் ஏதோ அசைகிறது. எடுத்தால் அணில். மறுபடி பையில் வைத்துக்கொள்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை, இசை இல்லை, டெல்லியின் ஹாரன் சத்தம் மட்டும். இன்னொன்றில் பருந்து ஒன்று பாய்ந்து வந்து அவர்களில் ஒருவரின் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. கிடங்கே வெடித்துச் சிரித்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை பருந்துக்குச் செய்த உபகாரத்துக்கு இதுதான் கூலி என்பது போல. ஆனால் படம் மெதுவாகப் போகும், சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எலிகள் மேயும் இருட்டு மைதானத்தில் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஐந்து பேர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்கள். எனக்குப் பழைய வாசல் பீடி ஞாபகம் வந்தது.

ஒரு முறை இவர்களும் சறுக்கினார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு குறும்படம். சமூகத்துக்காக உழைக்கும் ஒருவரைப் பற்றியது. ட்ரோனில் மலை, ட்ரோனில் ஏரி, ட்ரோனில் குழந்தைகள் ஓடுவது. அந்த மனிதர் கடைசி வரை எதையும் கையால் தொடவில்லை. ஜன்னல் ஓரம் நின்று தூரத்தைப் பார்க்கிறார், நடக்கிறார், விருது வாங்குகிறார். இருபத்தைந்து நிமிடத்தில் அவர் செய்யும் வேலை என்ன என்று தெரியவே இல்லை. நல்லவராகவே இருக்கலாம், படம் அவரைச் சாமி படமாக்கிச் சட்டம் போட்டுவிட்டது. "இதை ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டதற்குத் தம்பி, "தெரிந்தவர் கேட்டுக்கொண்டார், மறுக்க முடியவில்லை" என்றார். அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: படத்தில் கை எவ்வளவு நேரம் வருகிறது என்று. ஹாதிஜேயின் கை நிறைய நேரம். சவூதின் கை நிறைய நேரம். விருது வாங்கிய கை ஒரு நிமிடம்கூட இல்லை.

இந்தக் கணக்கில் முதல் பரிசு ஒரு பிரெஞ்சுப் பாட்டிக்கு. ஆக்னஸ் வர்தா 2000-ல் எடுத்த படம்; தலைப்பைத் தமிழில் 'பொறுக்குகிறவர்களும் நானும்' என்று சொல்லலாம். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. உள்ளங்கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமரா புதிதாக வந்திருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸ் முழுக்கச் சுற்றி, அறுவடை முடிந்த நிலத்தில் விட்டுப்போனதைப் பொறுக்குகிறவர்களைத் தேடிப் போகிறார். அளவுக்குப் பொருந்தாத உருளைக்கிழங்கை லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் இதய வடிவக் கிழங்குகளை அந்தப் பாட்டி பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். குப்பையிலிருந்து முள் இல்லாத கடிகாரம் ஒன்றையும். ஒரு கையில் கேமராவைப் பிடித்தபடி, சுருங்கிப்போன தன் இன்னொரு கையைத் தானே படம் எடுக்கிறார்.

அந்தப் படத்தில் ஓர் ஆள் வருகிறார். சந்தை கலைந்தபின் தரையில் கிடப்பதைப் பொறுக்கி, நின்றபடியே கீரையை மென்று தின்கிறார். மேல்படிப்புப் படித்தவர். கேமரா பின்னாலேயே போகிறது. விடுதியின் கீழ்த்தளத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இரவில் காசு வாங்காமல் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். அதை ஏன் செய்கிறீர்கள் என்று யாரும் அவரிடம் பெரிதாகக் கேட்பதில்லை, அவரும் பெரிதாகச் சொல்வதில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். நடந்து போகும்போது கேமராவை அணைக்க மறந்துவிட்டார் பாட்டி. லென்ஸ் மூடி கயிற்றில் தொங்கி ஆடுகிறது, பின்னால் தரை நகர்கிறது. எந்தத் தொழில்காரனும் வெட்டி எறிந்திருப்பான். அவர் அதற்கு இசை போட்டு மூடியை ஆடவிட்டிருக்கிறார்! ரீல் அறுந்தால் வசை வாங்கியே வயதான எனக்கு, தவறை இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொன்னதில்லை.

கடலை பிடுங்கி முடிந்த காட்டில் விட்டுப்போன காயைப் பொறுக்க என் அம்மா போவார். மண்ணைக் குச்சியால் கிளறிக் கிளறி, அந்திக்குள் மடியில் ஒரு படி சேர்ந்துவிடும். காட்டுக்காரர் சில நாள் விரட்டுவார், சில நாள் பார்த்தும் பார்க்காதவர் போல வரப்பில் உட்கார்ந்திருப்பார். பிரான்சில் இதற்குச் சட்டமே இருக்கிறதாம். படத்தில் ஒரு வக்கீல் கறுப்பு அங்கியோடு வயலில் நின்று சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கிறார். அம்மா இருந்து இதைப் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தால் நானும் வயலின் வாசிக்கிறவனாகிவிடுவேன். விடுகிறேன்.

கேரளத்தில் குறைந்த செலவில் வீடு கட்டிக் காட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பற்றிய படத்தையும் சொல்லியாக வேண்டும். அவருடைய பேரன் வினீத் ராதாகிருஷ்ணன் எடுத்தது. படத்தைவிட அன்றைய கூட்டம் சுவை. தோட்டத்தில் சுவர் வேலைக்கு வந்திருந்த கொத்தனார் இருவர் தங்கிப் பார்த்தார்கள். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு திரையில் வந்ததும், ஒருவர் எழுந்து திரைக்கு அருகிலேயே போய்விட்டார். அவர் நிழல் பேக்கர் மேல் விழுந்தது. "மேஸ்திரி, உட்காருங்கள்" என்று குரல்கள். அவர் உட்காரவில்லை. செங்கலில் நூற்றுக்கு இருபத்தைந்து வரை மிச்சமாகும் என்று டீச்சர் வாசித்ததும், "அப்படியானால் கூலியை யார் மிச்சம் பிடிப்பார்கள்? நிறுத்தி வைக்க நேரம் ஆகுமே" என்று திரையைப் பார்த்தே கேட்டார். படத்தில் அதற்குப் பதில் இல்லை. பேச்சு நேரம் முழுக்க அதைப் பற்றியே போயிற்று. நன்றாகவும் போயிற்று.

குறைகளுக்கு வருகிறேன். காபி தோட்டத்திலேயே விளைந்தது, சிக்கரி கலக்காதது என்று பெருமையாகத் தருகிறார்கள். அதுதான் உசத்தி என்கிறார்கள் தெரிந்தவர்கள். சிக்கரி போட்ட டிகிரி காபிக்குப் பழகிய என் நாக்குக்கு அது மழைத்தண்ணீர். சுண்டல் நன்று, மாங்காய் கீறிப் போடுகிறார்கள், கேட்டால் இரண்டாவது கிண்ணமும் தருகிறார்கள். கழிப்பறை களத்தைத் தாண்டி இருட்டில் இருக்கிறது, என் வயதுக்காரர்கள் டார்ச்சோடு போங்கள். படத்துக்குப் பின் நடக்கும் பேச்சு சில நாள் இழுத்துவிடுகிறது. அடிவாரம் போகும் கடைசி பஸ் எப்போது என்று ஏறி வரும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மார்ச், ஏப்ரலில் மழை பெய்து காபி பூத்த வாரம் கிடைத்தால் விடாதீர்கள். மல்லிகை போல ஒரு வாசனை, இருட்டில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வரும்.

பெரிய குறை ஒன்று. வருடம் முழுக்க மாசிடோனியாவும் டெல்லியும் பிரான்சும் பார்த்துவிட்டோம். இந்தப் பக்கத்துக் கதை ஒன்றுகூட வரவில்லை. மலை இறங்கி அரூர் பக்கம் போனால் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி. 1993-ல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி கூரைக் குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கி, ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கிய இடம். அங்கேயே லம்பாடிப் பெண்கள் தாங்கள் மறந்துகொண்டிருந்த தையல் வேலைப்பாட்டை மீட்டு 'போர்கை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் பெருமை என்று அர்த்தம். ஊசி பிடிக்கும் விரலைக் காட்ட அதைவிட நல்ல இடம் உண்டா? தம்பியிடம் சொன்னேன். படம் கிடைத்தால் போடுகிறோம் என்றார். கிடைக்காவிட்டால் எடுங்கள் என்றேன். பேத்தி என்னை முறைத்தாள். பிறகு கேமராவுக்கு என்ன விலை ஆகும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கிடங்கின் ஒரு வழக்கத்துக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது விளக்கைப் போடுவதில்லை. எங்கள் தியேட்டரில் 'வணக்கம்' வருவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, அடுத்த காட்சிக்கு ஆளை விடுவோம். நானே போட்டிருக்கிறேன், ஆயிரக்கணக்கான முறை. இங்கே கேமரா பிடித்தவர், ஒலி எடுத்தவர், வண்டி ஓட்டியவர் எல்லாப் பெயரும் முடிகிற வரை இருட்டு. டீச்சர் அவற்றையும் தமிழில் வாசிக்கிறார், வாயில் நுழையாத பெயர்களைக்கூட.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். முன்வரிசையில் வலது ஓரம் உள்ள பச்சை நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஆடுகிறது.